ஹேண்டில்பார் உயரத்தில் ஒரு மருமகள்

அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்களுக்குத்தான் பிரிவு உபசாரம் நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் நடந்தது. திண்டிவனத்தில், மரக்காணம் போகிற சாலையோரம் ஒரு பரோட்டாக் கடையின் மாடியில், என்னைப்போலவே பைக்கில் துணி கட்டிக்கொண்டு போய்த் தெருவோரம் விற்கிறவர்கள் எல்லாரும் கூடி எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திய கை விலகுவதற்குள் நான் அதன் ஓரத்தைத் திருப்பி இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டேன். ஒரு துவைப்புக்கே பல்லை இளித்துவிடும் சரக்கு.

"ஏம்பா, ஊருக்கெல்லாம் துணி விக்கிறவங்க, எனக்குப் போத்தறதுக்கு இதையா புடிச்சுக்கினு வந்தீங்க?" என்றேன். மாடி முழுக்கச் சிரிப்பு. கடையில் வாங்கினார்களாம். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. நாங்கள் விற்பது நைட்டி, பெட்ஷீட், லுங்கி, சின்னப் பிள்ளைகள் உடுப்பு. மரியாதைக்குப் போர்த்துகிற துணி எதுவும் எங்கள் மூட்டையில் இருப்பதில்லை.

முதுகு ஒத்துழைக்கவில்லை, அதனால்தான் தொழிலை நிறுத்தினேன். வண்டிக்கு ஷாக் அப்சார்பர் போனால் மெக்கானிக்கிடம் மாற்றிக்கொள்ளலாம். எனக்கு மாற்ற எந்த ஆஸ்பத்திரியிலும் ஸ்பேர் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அன்றைக்கு மகேஸ்வரி என்கிற பெண் ஒரு கேள்வி கேட்டாள். மொபெட்டில் சுடிதார் பிட்டுகளைக் கட்டிக்கொண்டு கூட்டுரோட்டில் கடை போடுகிறவள். இரண்டு ஆண்களின் வியாபாரத்தைத் தனியாகச் செய்கிற கெட்டிக்காரி. "அண்ணே, இத்தினி வருசத்துல நீங்க பண்ண பெரிய யாவாரம் எது?" என்றாள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவன் தீபாவளி என்றான், இன்னொருவன் மேல்மலையனூர் அமாவாசை என்றான். நான் ஒரு பாவாடை சட்டை என்றேன். யாரும் நம்பவில்லை. பரோட்டா ஆறிக்கொண்டிருந்தது, கதையோ நீளம். அதனால் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

நான் துணிக்காரனாகப் பிறக்கவில்லை. விழுப்புரத்தில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ஆலையை மூடிவிட்டார்கள். மச்சான் ஓட்டிக் களைத்த பைக் ஒன்று என் வீட்டு வாசலில் சும்மா நின்றது. அதன்மேல் நைட்டியைக் கட்டினால் பிழைப்பு ஓடும் என்று என் மனைவிதான் சொன்னாள். முதல் சில மாதங்கள் நான் விற்றதைவிடக் கீழே போட்டுத் தூசி தட்டியதுதான் அதிகம்.

அந்தக் காலத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எங்கள் ஆட்களே அதற்குக் கைகால் வைத்துப் பெரிதாக்கிப் பரப்பிவிடுவார்கள். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்தியிருந்தேன். நைட்டியைக் கொடியில் தொங்கவிட்டால்தான் பஸ்ஸிலிருந்து இறங்குகிற பெண்கள் கண்ணில் படும். கயிற்றின் ஒரு முனையை என் வண்டிக் கண்ணாடியில் கட்டினேன். மறு முனையைக் கட்ட மரமும் இல்லை, கம்பமும் இல்லை. பக்கத்தில் ஒரு லாரி சாதுவாக நின்றுகொண்டிருந்தது. அதன் கொக்கியில் கட்டிவிட்டேன். டிரைவர் டீ குடித்து முடித்து வந்து ஏறியதை நான் பார்க்கவில்லை. கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. பூப்போட்ட நைட்டிகள் வரிசையாகப் பறக்க, அந்த லாரி சிக்னல் வரை ஊர்வலம் போனது. நான் பின்னாலேயே ஓடினேன். சிக்னலில் நின்ற போலீஸ்காரர், "இன்னாய்யா, எந்தக் கட்சி மாநாடு?" என்றார். திரும்பி வந்தபோது என் வண்டியைச் சுற்றிப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தவர்களெல்லாம் ஆளுக்கு ஒன்று வாங்கவும் செய்தார்கள். சிரிக்க வைத்தவனிடம் பேரம் பேச மனம் வராது போலிருக்கிறது.

இந்த லாரிக் கதை எப்படியோ பஷீர் பாய் காதுக்குப் போய்விட்டது. திண்டிவனம் கடைத்தெருவுக்குப் பின்னால் குடோன் வைத்து, எங்களைப் போன்றவர்களுக்குச் சரக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். நான் முதன்முதலில் சரக்கு கேட்டுப் போனபோது, "லாரியில நைட்டி மாட்டுனது நீதானா?" என்றார். ஆமாம் என்றேன். "பொய் சொல்லல. உள்ள வா" என்றார். அவ்வளவுதான் எனக்கு நடந்த இன்டர்வியூ.

பாய் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காலையில் குடோன் வாசலில் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அவர் கண்ணெதிரில்தான் நாங்கள் வண்டியில் சரக்குக் கட்ட வேண்டும். கட்டி முடித்ததும் எழுந்து வந்து வண்டியைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்குவார். ஒரு பாக்கெட் நழுவினாலும் போச்சு. திட்ட மாட்டார். பேசாமல் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். அவிழ்த்து மறுபடி கட்டு என்று அர்த்தம். மழைக்காலத்தில் இன்னும் பேஜாரு. தார்ப்பாய் போட்டு இறுக்கிய மூட்டைமேல் பக்கெட் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுவார். உள்ளே ஒரு சொட்டு இறங்கியிருந்தால் அன்றைக்கு நான் ஊருக்குப் போக முடியாது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. பிறகு ஒரு நாள் மயிலம் சாலையில் அடைமழையில் மாட்டி, நான் தொப்பலாக நனைந்து, துணி மட்டும் காய்ந்தபடி வீடு வந்து சேர்ந்தது. அன்றோடு ஆத்திரம் போய்விட்டது.

கட்டுவதில் ஒரு முறை உண்டு. அடியில் பெட்ஷீட், அது கனம், வண்டி ஆடாது. இரண்டு பக்கமும் தொங்கும் பைகளில் லுங்கி, துண்டு. மேலே நைட்டியைச் சுருட்டிச் சுருட்டி, பூ வெளியே தெரிகிற மாதிரி அடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் உடுப்பு டேங்க்மேல், முன்னால். பிள்ளைகள் கைவைத்து இழுக்கட்டும், அப்போதுதான் அம்மாக்கள் பின்னாலேயே வருவார்கள். உள்ளாடை எல்லாம் ஒரு கறுப்பு கவரில், பக்கப் பையின் அடியில். பெண்கள் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, அந்தக் கவரு" என்பார்கள். கவரை அப்படியே அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த நேரத்தில் எந்த வண்டி போனாலும் நம்பர் பிளேட் வரைக்கும் படிப்பேன்.

எந்த ஊரில் எப்போது நிற்பது என்பதும் ஒரு படிப்புதான். அனந்தபுரம், வல்லம் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி விற்ற கையோடு போக வேண்டும். மரக்காணம் கரையோரம் படகு கடலுக்குப் போகிற காலத்தில் போக வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் போனால் கடற்காற்று மட்டும் வாங்கிக்கொண்டு வரலாம். வெயில் வாங்குகிறவர் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், கண்ணில் அடித்தால் நிறம் சரியாகத் தெரியாமல் நாளைக்கு மாற்றித் தரச் சொல்வார்கள்.

இதையெல்லாம்விடப் பாய் கண்டிப்பாக இருந்தது ஒரே ஒரு விஷயத்தில். துணி பார்க்கும்போது பெண்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். மாமியார் கொடுமை, நாத்தனார் நகை, சம்பந்தம் முறிந்தது எல்லாம் அந்தப் பைக்கைச் சுற்றித்தான் பேசப்படும். துணிக்காரன் அங்கே நிற்கிறான் என்ற நினைப்பே அவர்களுக்கு இருக்காது. நாங்களோ ஊர் ஊராகப் போகிறவர்கள். ஓர் ஊரில் கேட்டதை அடுத்த ஊரில் சொல்லிவிட்டால் குடும்பமே குலையும். எங்களில் ஒருவர் அப்படி ஒரு மாமியார் சொன்னதைப் பெண்ணின் பிறந்த வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார். பெரிய ரகளையாகிவிட்டது. பாய் அவருடைய மூட்டையைத் திரும்ப வாங்கி உள்ளே வைத்தார். "நீ நாக்கு விக்கிறவன். எங்கிட்ட துணிதான் இருக்கு. போய்ட்டு வா" என்றார். அதன் பிறகு எங்களில் யாரும் ஊர் பேச்சை ஊருக்கு எடுத்துப் போனதில்லை.

இனி அந்தப் பாவாடை சட்டைக்கு வருகிறேன்.

அனந்தபுரத்துக்கு அருகே ஒரு கிராமம். செவ்வாய்க்கிழமை தோறும் அங்கே கடை போடுவேன். அங்கே ஏழுமலை என்று ஒருவர். கொஞ்சம் நிலம், மல்லாட்டை, கேப்பை. தாய் தகப்பன் இல்லாமல் தங்கச்சியை அவர்தான் வளர்த்தார். அந்தப் பெண் சரண்யாவுக்குச் சின்ன கவுனிலிருந்து காலேஜ் சுடிதார் வரைக்கும் எல்லாவற்றையும் அவர்தான் என் வண்டியில் எடுத்தார். பொறுக்குவதில் படு கறார். தையலைப் பிரித்துப் பார்க்காத குறைதான். "எந்தங்கச்சிக்குண்ணே, நல்லதா குடு" என்பார்.

சரண்யா திண்டிவனத்தில் படிக்கும்போது மரக்காணத்துப் பக்கத்துக் கடலோரக் குப்பத்துப் பையன் ஒருவனைப் பிடித்துப்போய், அண்ணனிடம் சொல்லாமலே கல்யாணம் செய்துகொண்டாள். ஏழுமலை வெட்டவும் போகவில்லை, குத்தவும் போகவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார். வீட்டில் அவள் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்றாகிவிட்டது.

அந்தக் குப்பத்துக்கு நான் வெள்ளிக்கிழமை போவேன். ஒரு வெள்ளிக்கிழமை, புதுத் தாலியோடு ஒரு பெண் ஓடி வந்து என் வண்டியைப் பிடித்துக்கொண்டாள். சரண்யா. "அண்ணே! எங்க ஊருக்கு வருவீங்களே!" என்றாள். மூச்சு வாங்கியது. "எங்கண்ணன் எப்படிக்கீது?" நான் பாயை நினைத்துக்கொண்டேன். "துணி பாரும்மா" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. ஆனாலும் புத்திசாலி. அடுத்த வாரத்திலிருந்து அண்ணனைப் பற்றிக் கேட்கவில்லை.

"அனந்தபுரம் பக்கம் மழ இருக்குதாண்ணே?"

"நல்ல மழைம்மா."

"மல்லாட்ட புடுங்கிட்டாங்களா?"

"முடிஞ்சிடுச்சு. காய் நல்லா புடிச்சிருக்குது."

மழையைப் பற்றிப் பேசுவதைப் பாய் தடுத்ததில்லையே. அந்தப் பக்கம் செவ்வாய்க்கிழமையில் ஏழுமலையின் மனைவி வசந்தி, நைட்டியைப் புரட்டிக்கொண்டே கேட்பாள். "கடக்கர பக்கம் புயலுன்னு டிவில சொல்லிக்கினே இருந்தான். ரொம்பவாண்ணே?"

"கரைக்கு ஒண்ணும் ஆவலம்மா. போட்டெல்லாம் மேல ஏத்திட்டாங்க."

"ஆளுங்க?"

"எல்லாரும் சௌக்கியம்."

"பொதுவா கேட்டேன்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொள்வாள். இப்படிப் பல வருஷம் நான் வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தேன்.

சரண்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தர்ஷினி என்று பெயர். குழந்தை பிறந்த செய்தி மட்டும் யார் மூலமோ அண்ணன் வீட்டுக்கு எட்டியிருந்தது. எங்கள் தொழிலில் பிள்ளைகளுக்கு டேப் பிடித்து அளப்பதில்லை, நெளியும். வண்டிப் பக்கத்தில் நிற்க வைத்தால் போதும். தலை சீட்டுக்கு வந்தால் ஒரு சைஸ், டேங்க்குக்கு வந்தால் ஒரு சைஸ். அந்தக் குழந்தை என் வண்டியோரமே சீட்டைத் தாண்டி, டேங்க்கைத் தாண்டி வளர்ந்தாள். என்னைத் "துணி மாமா" என்பாள். வாய் ஓயாது.

அவளுக்குக் காது குத்தவில்லை. ஒண்ணாம் வகுப்புக்கும் போய்விட்டாள், காது மூளியாகவே இருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார்த்தி, தாய்மாமன் எடுத்துக் கொடுத்த புதுத்துணி போட்டுத்தான் காது குத்த வேண்டும். சரண்யா அதற்காகவே தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தாள். மாமியார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில், வருகிற கிருத்திகைக்கு மயிலம் மலைக்கோயிலில் காது குத்தியே தீர வேண்டும், மாமன் வராவிட்டால் சரண்யா புருஷனின் கூட்டாளி ஒருவன் மடியில் உட்கார்த்திக்கொள்ளட்டும் என்று முடிவாகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை சரண்யா பச்சையில் அரக்கு பார்டர் போட்ட பாவாடை சட்டை ஒன்றை எடுத்துக் குழந்தைமேல் வைத்துப் பார்த்தாள். மடித்து வைத்துவிட்டாள். "எடுத்துக்கயேம்மா" என்றேன்.

"நான் எடுக்கக் கூடாதுண்ணே. மாமன் எடுக்கறது அது." மடிப்பை நீவிவிட்டாள். "வேற ஒருத்தரு மடியில உக்காந்துட்டான்னா, அப்புறம் எங்கண்ணனுக்கு அந்த எடம் இல்லவே இல்ல. காது ஒருவாட்டிதானே குத்துவாங்க."

காதுகுத்து விஷயம் அண்ணன் வீட்டுக்குத் தெரியாது. தெரிந்தால் வருவாரா, அதுவும் தெரியாது. ஆனால் தெரியாமலே அந்த நாள் போய்விட்டால், பிறகு மனம் மாறினாலும் திருப்பிக் கொடுக்க முடியாத ஒன்று போய்விடும். சொல்ல வாயிருக்கிறது, சொல்லக் கூடாது என்று முறையும் இருக்கிறது.

பாயிடம் போனேன். அவருக்குக் கண் மங்கிப்போயிருந்தது அப்போது. ஸ்டூல் மட்டும் அதே இடம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அண்ணங்கிட்ட சொல்லுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சா?"

"இல்ல பாய்."

"அப்ப சொல்லாத." என் முகம் அவருக்குத் தெரியவில்லை, பெருமூச்சு கேட்டிருக்கும். "எந்த ஊருக்கு எந்தத் துணிய மேல வச்சுக் கட்டறது? அது உன் இஷ்டம்தானே? அதுல நான் எப்பனா தலையிட்டுருக்கனா?"

"இல்ல பாய்."

"பின்ன இன்னா? ஜல்தி கெளம்பு."

செவ்வாய்க்கிழமை அந்தப் பச்சைப் பாவாடை சட்டையை எல்லாவற்றுக்கும் மேலே, டேங்க்கின்மேல் விரித்துக் கட்டிக்கொண்டு போனேன். வசந்தி வந்தாள். ஏழுமலை எதிரில் வேப்பமரத்தடியில் மருந்தடிக்கிற ஸ்பிரேயரைப் பிரித்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணே, இன்னிக்குக் கொழந்தத் துணி மேல இருக்குது?"

"கிருத்திகை வருதும்மா. அடுத்த செவ்வாய்க்கெழம இந்தப் பக்கம் வரமாட்டேன். மயிலம் மலையடிவாரத்துல கடை."

என் கடை எங்கே என்று சொல்வது என் உரிமை. வசந்தி பாவாடையைக் கையில் எடுத்தாள். அவளுக்குக் குழந்தை இல்லை. பார்டரைத் தடவிக்கொண்டே, "காது குத்தறவங்கல்லாம் வருவாங்க இல்ல?" என்றாள்.

"நெறைய பேரு. கடக்கரையிலேருந்துகூட வராங்க."

ஸ்பிரேயர் கழுவுகிற சத்தம் நின்றது. வசந்தி என்னைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பாவாடையை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டாள். ஏழுமலை எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். நானும் மூட்டையைக் கட்டினேன். அன்றைக்குக் கயிறு ஏன் அத்தனை தடவை கையைவிட்டு நழுவியதோ தெரியவில்லை.

ஊர் எல்லை தாண்டி ஏரிக்கரையில் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் ஹாரன். விடாமல் அடித்துக்கொண்டே ஏழுமலை வந்து என் வண்டிக்குக் குறுக்கே நிறுத்தினார். இறங்கினார்.

"என்னை ஒரு வார்த்த கேக்கலண்ணே அவ" என்றார் திடீரென்று. "கேட்டுருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? நானே முன்ன நின்னு பண்ணி வச்சிருக்க மாட்டனா?"

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அந்தப் பச்ச பாவாடைய எடுங்க" என்றார். எடுத்துக் கொடுத்தேன். விரித்துப் பார்த்தார். தையலைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அவர் கை நின்றுவிட்டது. "சைஸு... சைஸு எனக்குத் தெரியாதே" என்றார்.

துணி கேட்டவர் சைஸ் கேட்டால் சொல்வது என் வேலை. "இந்த ஹேண்டில்பார் உசரம் இருப்பா" என்றேன்.

ஏழுமலை என் வண்டியைப் பார்த்தார். கையை நீட்டி ஹேண்டில்பாரின் கைப்பிடிமேல் வைத்தார். ஒரு பிள்ளையின் உச்சந்தலையில் வைப்பதுபோல மெதுவாக வைத்தார். "இவ்ளோ உசரமா வளந்துட்டா?" என்று கேட்டார். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை. எனக்கும் தாங்கவில்லை. ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறவன்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்சம் தேறியதும் பாவாடை சட்டையை என்னிடமே நீட்டினார். "நீங்களே குடுத்துடுங்கண்ணே. மாமன் குடுத்தான்னு சொல்லிடுங்க."

வாங்கிக்கொள்ளக் கை எழுந்தது. நல்ல வேளை, தடுத்துக்கொண்டேன். "துணிய வித்ததோட என் வேல முடிஞ்சுது. ஒரு ஊருலேருந்து ஒரு ஊருக்கு எதையும் எடுத்துக்கினு போற பழக்கம் எனக்கு இல்லீங்க. குடுக்கறதுன்னா நீங்கதான் வரணும்" என்றேன். இத்தனை வருஷம் என் வாயைக் கட்டிப்போட்டிருந்த அந்த முறை அன்றைக்கு எனக்கு ஒத்தாசையாக இருந்தது. ஏழுமலை வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த உடுப்பைத் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.

கிருத்திகையன்று மயிலம் அடிவாரத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். நல்ல வியாபாரம் நடந்திருக்க வேண்டும். யார் எது கேட்டாலும் நான் வேறு ஒன்றை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கண் முழுக்க ரோட்டில் இருந்தது. சரண்யா வீட்டார் ஒரு வேனில் வந்து இறங்கி, பக்கத்து மண்டபத்தில் பாய் விரித்தார்கள். காது குத்துகிற ஆசாரியும் வந்துவிட்டார். குழந்தை பழைய கவுன் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. சரண்யா புருஷனின் கூட்டாளி புது வேட்டி கட்டித் தயாராக நின்றான். பாவம், அவன்மேல் என்ன தப்பு, ஆனாலும் அவனைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது.

"நல்ல நேரம் போவுதும்மா" என்று ஆசாரி சத்தம் போட்டார். "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்றாள் சரண்யா நப்பாசையில், யாரும் வராத ரோட்டைப் பார்த்து.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். "உள்ள போயேன்யா! இன்னும் எத்தினி நேரம் பெட்ஷீட்ட பாத்துக்கினே நிப்ப?" வசந்தியின் குரல். திரும்பினேன். கொடியில் நான் தொங்கவிட்டிருந்த பெட்ஷீட்டுக்குப் பின்னால் ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். கையில் தாம்பாளம், அதில் பழம், வெற்றிலை பாக்கு, சின்னக் கம்மல், அந்தப் பச்சைப் பாவாடை சட்டை. எவ்வளவு நேரமாக நிற்கிறார்களோ. மனிதருக்குக் கால் வரவில்லை. "எல்லாரும் இன்னா நெனப்பாங்க" என்று முணுமுணுத்தார்.

தர்ஷினி என்னைப் பார்த்துவிட்டாள். "மாமா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து வழக்கம்போல என் வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, எனக்குக் காது குத்தப் போறாங்க. வலிக்குமா மாமா?"

ஏழுமலை அந்த 'மாமா'வைக் கேட்டார். அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. நான் பெட்ஷீட்டை ஒரு பக்கமாக ஒதுக்கினேன்.

"நான் துணி மாமாடி செல்லம்" என்றேன். "உன் மாமா இவருதான்."

குழந்தை அண்ணாந்து பார்த்தது. ஏழுமலை தாம்பாளத்தை வசந்தியிடம் தள்ளிவிட்டு அப்படியே மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு என்ன புரிந்ததோ, அவரைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்டாள். "வலிக்குமா?"

"மாமன் மடியில உக்காந்தா வலிக்காது" என்றார் ஏழுமலை.

அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்து மண்டபத்தைப் பார்த்து நடந்தார். சரண்யா பார்த்துவிட்டாள். ஓடி வருவாள் என்று நினைத்தேன். நின்ற இடத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "எழுந்திரு. ஆசாரி எத்தினி நேரம் காத்துக்கினு இருப்பாரு?" என்றார் அண்ணன். பல வருஷத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். திட்டுகிற குரலில்தான் சொன்னார். அவள் அதைக் கேட்டு அழுத அழுகையை மண்டபமே நின்று பார்த்தது. புது வேட்டிக் கூட்டாளிதான் முதல் ஆளாக ஓடிப்போய் ஏழுமலைக்குப் பாயைத் தட்டிப் போட்டான்.

வசந்தி குழந்தைக்குப் பாவாடை சட்டையை உடுத்தினாள். உடுத்தியதும் எல்லாருக்கும் சிரிப்பு வெடித்தது. பாவாடை தரையைக் கூட்டியது. சட்டைக் கை விரலை மூடியது. வேறொன்றுமில்லை. வளர்கிற பிள்ளைக்கு ஒரு சைஸ் பெரிதாகக் கொடுப்பது எங்கள் தொழில் வழக்கம். நான் அப்படித்தான் எடுத்து வைத்திருந்தேன். ஏரிக்கரையில் அழுத அழுகையில் அதை ஏழுமலையிடம் சொல்ல மறந்துவிட்டேன். நான் ஊக்குகளை எடுத்துக்கொண்டு ஓடினேன். இடுப்பில் இரண்டு மடிப்பு வைத்துக் குத்திக்கொண்டிருந்தபோது சரண்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "வுடுங்கண்ணே, அடுத்த வருசமும் போட்டுக்குவா" என்றாள்.

ஏழுமலை குழந்தையை மடியில் இருத்தி, இரண்டு கையாலும் அவளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆசாரி ஊசியை எடுத்தார். நான் அடுத்த தடவை சரியான சைஸ் தருகிறேன் என்று ஏதோ சமாதானம் சொன்னேன். அவர் நிமிரக்கூட இல்லை.

"வாணாம்ணே," என்றார். "இனிமே இவ சைஸு எனக்கே தெரியும்."